கூந்தல் ஏன் இடுப்போடு நின்றுவிடுகிறது?

உங்களிடம் ஒரு கேள்வி. ஆண்கள் தலைமுடியை வெட்டிக்கொள்ள மாதாமாதம் முடிதிருத்தும் கடைக்குப் போகிறார்கள். புருவம் வளர்ந்துவிட்டது, கண்ணை மறைக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று யாராவது போனதுண்டா? பிறந்த நாள் முதல் கத்தரியே படாத புருவம் கூட விரல் அகலத்தைத் தாண்டுவதில்லை. அதற்கு நான்கு விரற்கடை மேலே இருக்கும் தலைமுடியோ, விட்டால் இடுப்பைத் தொடுகிறது. இரண்டும் ஒரே தோலில்தானே முளைக்கின்றன? ஒரே சோற்றைத்தானே சாப்பிடுகின்றன?

"புருவம் என்றால் அப்படித்தான், இதில் என்ன அதிசயம்?" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பின்னல் முழங்காலைத் தொடும்போது நம் வீட்டுப் பெண்ணின் பின்னல் தோளோடு ஏன் நின்றுவிட்டது என்பதும் தெரிந்துவிடும். கைக்காசு வீணாகாமலும் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் தவிர்க்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பாகான் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. லயத்துப் பெண்களுக்கு நகை கிடையாது. பட்டுப்புடவை தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். ஆகவே கூந்தல்தான் எங்களுக்குச் சொத்து. வெள்ளிக்கிழமை தலை முழுகி, குழாயடியில் நின்று முடியை உதறிக் காயவைக்கும்போது யாருக்கு எவ்வளவு நீளம் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். சீப்பில் வந்த முடியைக் கூடத் தூக்கி எறியமாட்டார்கள். சுருட்டிச் சுருட்டி ஒரு தகர டின்னில் சேர்த்து வைப்பார்கள். பிற்காலத்தில் சவுரி கட்ட உதவுமே!

இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் ஒரு சிறு குழியிலிருந்து கிளம்புகிறது. அதற்கு மயிர்க்கால் என்று பெயர். தாயின் வயிற்றில் இருக்கும்போதே இந்தக் குழிகள் அமைந்துவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாகத் தோன்றுவதில்லை. குழியின் அடியில் சின்ன வெங்காயம் போல ஒரு வீக்கம். அங்கேதான் உயிர் இருக்கிறது. இரத்தம் அங்கே வந்து உணவு கொடுக்கிறது. நம் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் உயிரணுக்களில் அந்த வேரின் அணுக்களும் சேரும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் முடியை உதிர்ப்பதற்கும் அதுவே காரணம். வேகமாகப் பெருகும் அணுக்களை அடிக்க வந்த மருந்து, பாவம், முடிவேரையும் சேர்த்து அடித்துவிடுகிறது.

வேரில் பிறந்த அணுக்கள் மேலே தள்ளப்படும்போது கெட்டிப்பட்டு, கெரட்டின் என்ற புரதம் நிறைந்து, செத்துப்போகின்றன. நம் நகமும் அதே கெரட்டின்தான். ஆகவே தோலுக்கு வெளியே நாம் காணும் முடி, எவ்வளவு கறுத்து மினுமினுத்தாலும், உயிரற்ற நூல். அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. வேரோடு பிடுங்கினால்தான் வலிக்கிறது.

இந்த நூல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சிலருக்குக் கொஞ்சம் கூடும், சிலருக்குக் குறையும். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனுக்கு மொட்டை போட்ட பிள்ளைக்கு அடுத்த தைப்பூசத்தில் சுமார் ஐந்து அங்குல முடி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு லட்சம் முடியின் வளர்ச்சியையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். வருஷத்துக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். பாகான் செராயிலிருந்து கிட்டத்தட்ட பாரிட் புந்தார் வரை நீட்டிக் கட்டுகிற அளவு! அத்தனையையும் சத்தமில்லாமல் நம் தலை நூற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போது புருவக் கணக்கு.

முடிவேர் ஓயாமல் வேலை செய்வதில்லை. அதற்கு வளரும் காலம், அடங்கும் காலம், ஓய்வுக் காலம் என்று மூன்று பருவங்கள் உண்டு. தலைமுடியின் வளரும் காலம் பொதுவாக இரண்டிலிருந்து ஏழு வருஷம். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கி அடங்கும். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி கழன்று விழும். அதே குழியில் புதிய முடி கிளம்பும். புருவத்து வேருக்கோ வளரும் காலம் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள். விரல் அகலம் வளர்வதற்குள் அதன் தவணை முடிந்துவிடுகிறது. புருவம் சோம்பேறி என்று சொல்ல வேண்டாம். அதற்குக் கிடைத்த நாள் அவ்வளவுதான்.

கூந்தலின் நீளமும் இதே கணக்குதான். ஒரு பெண்ணின் முடிவேர்கள் மூன்று வருஷம் வேலை செய்து ஓய்வுக்குப் போகுமானால், முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு சென்டிமீட்டர். கூந்தல் தோளைத் தாண்டிச் சற்றே இறங்கி நின்றுவிடும். இன்னொருத்திக்கு ஏழு வருஷம் என்றால் எண்பத்து நான்கு சென்டிமீட்டர். இடுப்பைத் தாண்டும். முதல் பெண் எத்தனை வருஷம் கத்தரி படாமல் காத்திருந்தாலும் அவள் கூந்தல் அந்த எல்லையைக் கடக்காது. ஏனென்றால் எல்லைக்கு வந்த முடி விழுந்து, புதியது அடியிலிருந்து தொடங்குகிறது. "என் முடி வளர்வதே இல்லை" என்று நம் பெண்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள் அல்லவா? அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது, தாய்மாரே. போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்த் திரும்பவும் முதலிலிருந்து புறப்படுகிறது.

இந்தத் தவணையைக் குறிப்பது யார்? பெரும்பாலும் பெற்றோர் வழி வந்த மரபு. 1994-ல் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு "வளர்ந்தது போதும், நிறுத்து" என்று முடிவேருக்குச் சொல்லும் சேதிக்காரன் என்று தெரிந்தது. அந்த மரபணு கெட்டுப்போன எலிகளுக்கு முடி நீண்டு தொங்கியது. நீண்ட ரோமமுள்ள பூனை, நாய் வகைகள் பலவற்றிலும் இதே மரபணுதான் மாறியிருக்கிறது. பாகிஸ்தானில் சில குடும்பங்களில் கண் இமை முடி அளவுக்கு மீறி நீண்டு வளர்வதற்கும் இதே மரபணுவின் கோளாறு காரணம் என்று 2014-ல் அறிவித்தார்கள். ஆகவே நீளத்தை நிச்சயிக்கும் கடிகாரம் வேருக்குள்ளே இருக்கிறது. வெளியே இருந்து தடவும் எந்தக் கூந்தல் எண்ணெயும் அதற்குச் சாவி கொடுத்து நீளத்தைக் கூட்டியதாக நிரூபணம் இல்லை.

"மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமே, நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோமே!" என்பீர்கள். 1928-ல் அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்று அறிஞர் சில ஆண்களை முறைப்படி சவரம் செய்துகொள்ளச் சொல்லி, மழித்த முடிகளைச் சேர்த்து அளந்து பார்த்தார். மழிப்பதால் முடியின் வேகமோ பருமனோ நிறமோ மாறவில்லை. பின் ஏன் அப்படித் தோன்றுகிறது? இயற்கையாக முளைத்த முடியின் நுனி ஊசிபோல் கூர்மையாக இருக்கும். கத்தி பட்டதும் நடுத்தண்டு வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட முனை மொண்ணையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகவும் கண்ணுக்குத் தடிப்பாகவும் தெரிகிறது. குழந்தைக்கோ, முதல் மொட்டை போடும் வயதில் பிறவிப் பூமுடி தானாகவே உதிர்ந்து கெட்டி முடி வரும் நேரம். புகழ் கத்திக்குப் போய்விட்டது! முருகனுக்குச் செலுத்தும் முடி காணிக்கை. அதைப் பக்தியோடு செலுத்துங்கள். அடர்த்திக்காகப் பிள்ளையை அழவைத்துத் திரும்பத் திரும்ப மழிக்க வேண்டாம்.

எண்ணெய் வைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, தலை அலசும்போதும் சீவும்போதும் புரதம் கரைவதைக் குறைக்கிறது என்று மும்பையிலிருந்து 2003-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எழுதியவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும், எண்ணெய் நூலுக்குக் காப்பு. உராய்ந்து நடுவில் ஒடியாமல், முடி தன் எல்லைவரை போய்ச்சேர உதவும். எல்லையைத் தள்ளிவைக்கும் சக்தி அதற்கு இல்லை.

உலகத்தில் எல்லையே இல்லாததுபோல் வளர்த்தவர்களும் உண்டு. சீனாவில் ஷீ சியூபிங் என்ற பெண்மணி பதின்மூன்று வயதில், 1973-ல், முடி வெட்டுவதை நிறுத்தினார். 2004 மே 8-ல் அளந்தபோது 5.627 மீட்டர்! பதினெட்டரை அடி. உத்தரப் பிரதேசத்து ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவா என்பவரின் கூந்தல் 236.22 சென்டிமீட்டர் என்று 2023-ல் கின்னஸ் அமைப்பு பதிவு செய்தது. ஷீ சியூபிங்கின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஐந்தரை மீட்டர் என்றால் வருஷத்துக்குப் பதினெட்டு சென்டிமீட்டர். வேகம் நம்மைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் நம் முடிவேர் ஐந்தாறு வருஷத்தில் படுத்துவிடும்போது, அவருடைய வேர்களில் சிலவாவது முப்பது வருஷம் படுக்காமல் உழைத்திருக்கின்றன. அது பிறவியில் வந்த பேறு.

நம் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. கின்னஸ் நூலின் பழைய பதிப்புகளில், திருவாவடுதுறை மடத்தின் தலைவருக்கு 26 அடி நீள முடி இருப்பதாக 1949-ல் தகவல் வந்தது என்று அச்சிட்டிருந்தார்கள். பெயரைச் 'சுவாமி பண்டாரசந்நிதி' என்று போட்டிருந்தார்கள். பண்டாரசந்நிதி என்பது மடத்துத் தலைவரின் பட்டம் என்று தமிழர்களுக்குத் தெரியும். 26 அடி எப்படிச் சாத்தியம்? அது சடைமுடி. சீவாமல் திரிந்த முடியில், உதிர்ந்த பழைய முடிகள் கீழே விழாமல் வளரும் முடியோடு பின்னிக்கொண்டு கயிறாகின்றன. ஒரு நார் முடிந்த இடத்தில் இன்னொரு நாரைச் சேர்த்துக் கயிறு திரிப்பதில்லையா? கயிறு நூறடி நீளம் என்றால் தேங்காய் நார் நூறடி என்று அர்த்தமாகாது. சடையின் நீளமும் அப்படியே.

சரி, நீளம் நம் கையில் இல்லை. அப்படியானால் உதிர்வது?

தினமும் ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது சாதாரணம். தென்னைமரத்தைப் பாருங்கள். இன்று ஒரு மட்டை, சில வாரம் கழித்து ஒரு மட்டை என்று விழுந்துகொண்டே இருக்கும். நடுவில் புதுக் குருத்து வந்துகொண்டே இருக்கும். மரம் மொட்டையாவதில்லை. நம் தலையும் தென்னையைப் போலத்தான். பத்தில் ஒன்பது வேர்கள் வேலையில் இருக்கும், ஒன்று ஓய்வில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை.

ரப்பர் மரம் வேறு மாதிரி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை சிவந்து, காடு முழுவதும் ஒரே சமயத்தில் கொட்டிவிடும். பால் குறையும். பார்ப்பவர்கள் மரம் செத்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். பால் மரம் வெட்டியவர்கள் பயப்படமாட்டார்கள். சில வாரங்களில் தளிர் விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால், தென்னையாக இருந்த தலை ரப்பர் மரமாகிவிடும். கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, அளவுக்கு மீறிய பட்டினி, பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு நிறைய வேர்கள் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வுக் காலம் மூன்று மாதம் என்று சொன்னேன் அல்லவா? ஆகவே முடி அன்றே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலை நாம் மறந்தே போன பிறகு, கொத்துக் கொத்தாகச் சீப்பில் வரும். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இந்த உதிர்வை விவரித்துப் பெயர் வைத்தார். 2020, 2021-ல் கோவிட் காய்ச்சல் வந்து தேறிய பலர், "இப்போது ஏன் முடி கொட்டுகிறது?" என்று கலங்கியதற்கும் இதுவே விளக்கம்.

நம் பாட்டிமார்களின் கண் கூர்மையைப் பாருங்கள். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்பார்கள். காலத்தை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்கள்! கர்ப்பக் காலத்தில் உடம்பில் ஊறும் சுரப்புநீர்களால் முடிவேர்கள் ஓய்வுக்குப் போகாமல் தங்கிவிடுகின்றன. அதனால்தான் அப்போது கூந்தல் செழிப்பாக இருக்கும். பிள்ளை பிறந்ததும் அந்தச் சுரப்பு இறங்குகிறது. காத்திருந்த வேர்கள் எல்லாம் ஒன்றாகப் படுக்கின்றன. மூன்று மாதத்தில் முடி கொட்டுகிறது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பதும் அதே சமயத்தில்தான். பாவம், பச்சைப் பிள்ளையின் சிரிப்பின்மேல் பழி!

இனி, முன்னால் சொல்வதாகச் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன்.

1981-ஆம் வருஷம். என் அக்காளுக்கு இரண்டாவது ஆண்பிள்ளை பிறந்து மூன்று மாதம். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போகத் தொடங்கியிருந்தாள். முடி கொட்டத் தொடங்கியது. அவளுக்குத் தொடைவரை தொங்கிய கூந்தல். எலிவால் போல் ஆகிவிட்டது. லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றாள் ஒருத்தி. கண்ணேறு என்றாள் இன்னொருத்தி. அவள் மாமியார், "வந்தபோது மகாலட்சுமி மாதிரி இருந்தாளே" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காள் முக்காடு போடாமல் வெளியே வருவதை விட்டாள்.

சம்பள நாளில் தோட்டத்துக்கு வரும் எண்ணெய் வியாபாரி ஒருவர் இருந்தார். "மூன்று புட்டி, மூன்று மாதம். முடி திரும்ப வராவிட்டால் காசு வாபஸ்" என்றார். ஒரு புட்டியின் விலை அக்காளின் இரண்டு நாள் கூலிக்கு மேல். அத்தானுக்குத் தெரியாமல் மூன்று புட்டி வாங்கினாள். அவர் சொன்னபடியே மூன்று மாதத்தில் நெற்றி ஓரத்தில் புதுமுடி எட்டிப் பார்த்தது. ஏன் பார்க்காது? ஓய்வு முடிந்த வேர் தளிர்விடும் காலமும் அதுதானே! எண்ணெயே தடவாமல் இருந்திருந்தாலும் அந்த முடி வந்திருக்கும். காத்திருந்தால் தானாக வருவதைக் காசுக்கு விற்கிறவர் துணிந்து உத்தரவாதம் கொடுக்கலாம்.

போனது காசு மட்டும் என்றால் இதை எழுதியே இருக்கமாட்டேன். அந்த மாதங்களில் எல்லாரும் அக்காளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் முகம் வெளுத்ததை யாரும் பார்க்கவில்லை. மேட்டு நிரையில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றாள். பிள்ளைக்காரி, தூக்கம் இல்லை என்றார்கள். படபடப்பு என்றாள். கவலைப்படாதே, முடி வந்துவிடும் என்றார்கள்! ஒரு நாள் காலையில் பால் வாளியோடு மரத்தடியில் மயங்கி விழுந்தாள். வெட்டுக்கத்தி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

அரசாங்கக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்த தாதி அவளுடைய முடியைப் பார்க்கவே இல்லை. கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் காகிதமாக வெளுத்திருந்தது. "உடம்பில் இரத்தம் இல்லையே அம்மா, இதைத் தலையில் தேய்த்து ஏற்ற முடியுமா?" என்றார். இரத்தம் சோதித்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பிரசவம், பிரசவத்தில் போன இரத்தம், பிள்ளைகளுக்கும் அத்தானுக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் எல்லாம் சேர்ந்து அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. சில மாதங்களில் தேறினாள். கூந்தலும் ஓரளவு திரும்பியது. இன்று பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள்.

தோட்டத்து மக்களுக்கு இரத்தசோகை புதிய விருந்தாளி அன்று. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலாயாவுக்கு வந்து, தோட்டங்களில் கொக்கிப்புழுவைப் பற்றி ஆராய்ந்தது. வெறுங்காலில் நடப்பவர்களின் தோல் வழியாக நுழைந்து, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழு அது. செருப்பும் கக்கூசும் வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் பெண்களுக்கு இரத்தம் குறைய மாதவிலக்கும் பிரசவமும் போதுமே. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே ஈமோகுளோபின் இறங்கினால் இரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. கிளினிக்கில் ஒரு சொட்டு இரத்தத்தில் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே, சகோதரிகளே, முடி அதிகமாகக் கொட்டினால் மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். அப்போது காய்ச்சலா, பிரசவமா, அறுவைச் சிகிச்சையா, பெருந்துக்கமா? அப்படி இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, புதுமுடி வரும். பிறகு கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைச்சுற்றல் இருந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். காரணம் எதுவும் தெரியாமல் ஆறு மாதத்துக்கு மேல் கொட்டினாலும் போங்கள். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் சோதிப்பார்கள். வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலும், செதிலும் புண்ணும் இருந்தாலும் அது வேறு நோய். அதற்கும் வைத்தியம் உண்டு.

சாப்பாட்டில் கீரை, பயறு, மீன், ஈரல், முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். சோற்றோடு எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் கீரையின் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். தேநீர் அதைத் தடுக்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். இரும்பு மாத்திரையைச் சோதித்த பிறகே சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று தின்றுவிட்டால் சிறு குழந்தைக்கு அது விஷம்.

பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைக்கு ரெட்டைச்சடை போடும்போது புருவம் மேலே ஏறும்படி இழுத்துக் கட்டாதீர்கள். வருஷக்கணக்கில் இழுபட்ட வேர், நெற்றி ஓரத்தில் செத்துப்போகும். வேர் ஓய்வுக்குப் போனால் திரும்பி வரும். செத்துப்போனால் வராது.

கடைசியாக ஒன்று. பெண் பார்க்க வருகிறவர்கள் பின்னலை அவிழ்த்துக் காட்டச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சவுரி வைத்திருக்கிறாளா என்று இழுத்துப் பார்த்த மாமிகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அளக்கும் கண் மட்டும் இன்னும் ஒழியவில்லை. தோளோடு நிற்கும் கூந்தல் அந்தப் பெண்ணின் குறையும் அன்று, வளர்த்த தாயின் குறையும் அன்று. அது அவளுடைய பாட்டனும் பாட்டியும் எழுதிக் கொடுத்த தவணைச் சீட்டு. உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி தலையைத் தடவிக்கொண்டு கலங்கி நின்றால், முடி எவ்வளவு போயிற்று என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேளுங்கள்.